வெட்டாமல் விட்ட பாதி

இது நள்ளிரவில் நடந்ததல்ல. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. பேய் வருவதற்கு இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் சொன்னது என் சித்தி. புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டால், "உனக்கு எடுப்பா இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறவர். கண்ணால் பார்க்காத எதையும் எழுதக் கூடாது என்பதுதான் அவருடைய தொழிலே. அவர் சொன்னால் நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சித்தி தடயவியல் மருத்துவர். அதிலும் மூளை மட்டும். ஒருவர் தலையில் அடிபட்டதால் செத்தாரா, அல்லது சாகிற நேரத்தில் விழுந்ததால் தலையில் அடிபட்டதா? போலீசுக்கும் கோர்ட்டுக்கும் இந்தக் கேள்வி வரும்போது சித்தியிடம் ஒரு வாளி வரும். வீட்டில் நாங்கள் அவரை "மண்டைச் சித்தி" என்போம். கோபித்துக்கொள்ள மாட்டார். "உன் மண்டை எங்கிட்ட வராம பாத்துக்க" என்பார்.

வாளிக்குள் ஃபார்மலின் திரவத்தில் மூளை தலைகீழாகத் தொங்கும். அடிப்பக்கத்து ரத்தக்குழாய்க்குக் கீழே ஒரு நூலைக் கோத்து, நூலின் இரு முனைகளையும் வாளியின் கைப்பிடியில் கட்டியிருப்பார்கள். தொங்கவிடாமல் போட்டுவிட்டால் தன் எடையிலேயே அடிப்பாகம் சப்பையாகிவிடும். எடுத்த புதிதில் அது தயிர் மாதிரி. கத்தி வைத்தால் குழைந்துவிடும். இரண்டு வாரம் ஊறினால்தான் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இறுகும். பிறகு நீண்ட கத்தியால் நெற்றிப் பக்கமிருந்து பிடரிப் பக்கமாக, விரல் தடிமனுக்கு வில்லை வில்லையாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. கடைசி வில்லை வரைக்கும் பார்த்த பிறகுதான் முடிவு எழுத வேண்டும். இதுதான் முறை.

அந்த வாரம் சித்தியிடம் இருந்தது ஒரு பெரியவருடைய மூளை.

மனைவியை இழந்தவர். மகள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். மகன் வெளியூர். ஒருநாள் மகன் அவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, தங்கை அப்பாவைப் பார்த்து, "இருந்து ஏன் என் உயிரை எடுக்கிறீங்க" என்று கத்தியது கேட்டிருக்கிறது. அடுத்து தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. பிடரியில் ரத்தம் கட்டிய காயம். அவள்தான் அடித்துவிட்டாள் என்று மகன் புகார் கொடுத்தார். மகளைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். உடலை அடக்கம் செய்தாகிவிட்டது. மூளை மட்டும் சித்தியின் வாளியில்.

சனிக்கிழமை மாலை, சித்தி கிளம்புகிற நேரம், அந்த மகளின் கணவர் வாசலில் நின்றிருந்தார். அச்சகத்தில் வேலை செய்பவர். விரல் நகமெல்லாம் மை.

"டாக்டர், ஒரு நிமிஷம்."

"கேஸைப் பத்திப் பேசக் கூடாதுங்க. தப்பு."

"நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன், நீங்க சும்மா நில்லுங்க. திங்கட்கிழமை கோர்ட்ல ஒத்துக்கப் போறேங்கிறா."

"அடிச்சாங்களா?"

"அவளுக்கே தெரியலைங்க. எரிச்சல்ல அவர் கையைத் தட்டிவிட்டேன், அதுல விழுந்தாரோ என்னமோங்கிறா. அப்பாவைக் கொன்னுட்டு வெளிய வந்து என்ன பண்ணப் போறேங்கிறா. சாப்பிடறதையும் விட்டுட்டா. நாலு வார்த்தை கத்தினது தப்புதான். வீட்ல கத்தாதவங்க யாருங்க இருக்கா? எங்க வீட்டு மிக்சியே அவளைவிட அதிகமாக் கத்தும்."

சிரிக்க முயன்றார். முடியவில்லை. முகம் கோணிக்கொண்டு போனது.

"திங்கட்கிழமைக்குள்ள அந்த அறிக்கை வந்துச்சுன்னா..." என்றவர் மேற்கொண்டு சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மூளை இன்னும் சில நாள் ஊறினால் நல்லது. ஆனால் ஒருத்தி ஒத்துக்கொண்டுவிட்ட பிறகு அறிக்கை வந்து யாருக்கு லாபம்? சித்தி அன்று தூங்கவில்லை.

மறுநாள் மதியம் தனியாகக் கிளம்பிப் போனார். உதவியாளருக்கு விடுமுறை. வாசலில் காவலாளி செய்தித்தாளை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தார்.

"இன்னைக்குமா மேடம்? உள்ள இருக்கிறவங்க ஓடியா போயிடப் போறாங்க?"

"எனக்குத்தான் ஓட்டம். சாவியக் குடுங்க."

கட்டடம் முழுக்க ஆளில்லை. நீளமான நடைவழி. கடைசியில் வெட்டும் அறை. கதவின் மேல்பாதியில் மங்கல் கண்ணாடி. அந்தப் பக்கம் ஆள் நின்றால் நிழலாகத் தெரியும். முகம் தெரியாது.

நூலை அறுத்து மூளையை எடுத்தார். கழுவினார். எடை பார்த்தார். பலகையில் வைத்தார். வெளிப்புறம் முழுவதும் செம்படலமாக ரத்தம் பரவியிருந்தது. எங்கிருந்து கசிந்தது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. அடியினால் வந்த ரத்தம் என்றால் மேற்பரப்பில் நசுங்கல் இருக்கும். நோயினால் என்றால் மூலம் உள்ளே ஆழத்தில் இருக்கும். வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே இருமல் சத்தம்.

நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் ஒரு நிழல்.

"அம்மா... உள்ள யாராவது இருக்கீங்களா?"

வயதான குரல். மரியாதையான குரல். இறந்தவர்களின் உறவுக்காரர்கள் சில நேரம் வழிதவறி இங்கே வந்துவிடுவதுண்டு.

"இங்க வரக் கூடாதுங்க ஐயா. வாசல்ல காவலாளி இருப்பாரு, அவர்கிட்டக் கேளுங்க."

"சரிம்மா. கொஞ்சம் நின்னுட்டுப் போறேன். தலை ரொம்ப லேசா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"உக்காருங்க. அங்க பெஞ்ச் இருக்கு பாருங்க."

"உக்காந்தா எழுந்திருக்க முடியாதோன்னு இருக்கும்மா."

மயக்கமோ என்னவோ, முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தார் சித்தி. கையுறையோடு கதவைத் தொட முடியாது. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. நடையில் சன்னல் பக்கவாட்டில் இருக்கிறது. நிழல் விழுவதானால் கோணலாக விழ வேண்டும். இது நேராக நின்றது.

நெற்றிப் பக்கத்து முதல் வில்லையை வெட்டினார். நசுங்கல் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை.

வெளியே ஒரு சிரிப்புச் சத்தம்.

"ஏய் கத்திக்காரி... சாப்பிட்டியாடி?"

அதே குரல்தான். ஆனால் மரியாதை மட்டும் உருவி எடுக்கப்பட்டிருந்தது. தொடர்ந்து ஒரு கெட்ட வார்த்தை. பிறகு கண்ணாடியில் நகத்தால் தாளம் போட்டுக்கொண்டு மறுபடி சிரிப்பு.

குடித்திருக்கிறான் என்று நினைத்தார் சித்தி. காவலாளிக்குப் போன் செய்யலாமா? அதற்குள் கை, பழக்கத்தில், அடுத்த வில்லைக்குப் போய்விட்டது. வெட்டினார். அடுத்ததையும் வெட்டினார்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

"வீ... வீட்... வீட்டுக்... கு..."

வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டதுபோல் ஒரு திணறல். திரும்பத் திரும்ப முயற்சி. பிறகு அழுகை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாதவர்கள் அழுகிற அழுகை. பக்கவாதம் வந்தவர்களிடம் சித்தி அதைக் கேட்டிருக்கிறார்.

பலகையைப் பார்த்தார்.

முதலில் எடுத்தது, மனிதனுக்கு அடக்கத்தைக் கொடுக்கிற பகுதி. இப்போது எடுத்தது, பேச்சைக் கோக்கிற பகுதி.



தற்செயல் என்று சொல்லிக்கொண்டார். சோதித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. சோதிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கத்தியை எடுத்து, அடுத்து வெட்ட வேண்டிய இடத்துக்கு மேலே காற்றில் பிடித்தார். மூளையைத் தொடவில்லை.

"அங்க... வேணாம்."



அவனால் உள்ளே பார்க்க முடியாது. அது மங்கல் கண்ணாடி.

"ஐயா... நீங்க யாரு?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டால் ஆவி படியும். படியவில்லை.

"அங்க... பொண்ணு," என்றது குரல். "பொண்ணு... அதுல... இருக்கா."

சித்திக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வில்லைகள் ஞாபகம் தங்குகிற இடம். மகளின் முகம், மழலை, அவள் நடந்த முதல் நடை, கோபத்தில் கத்தின கத்தல், எல்லாம் அங்கேதான். வெளியே நிற்பவர் வழிதவறி வந்த உறவுக்காரர் இல்லை.

கதவைத் திறந்து ஓடிவிடலாம். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம்தான் அவர் நிற்கிறார்.

கத்தியைக் கீழே வைத்துவிடலாம். "இன்னும் இறுகவில்லை, இரண்டு வாரம் வேண்டும்" என்று எழுதிவிடலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாளைக்குக் காலையில் அந்தப் பெண் கூண்டில் ஏறி, ஆமாம் நான்தான் கொன்றேன் என்று சொல்லுவாள்.

சித்தி கதவருகே போனார். கண்ணாடிக்கு ஒரு கை தூரம். பேஷன்ட்டுக்குச் சொல்கிற மாதிரி பேய்க்கு விளக்கம் சொன்ன ஒரே டாக்டர் நானாகத்தான் இருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். 

"ஐயா. உங்க பொண்ணு ஜெயில்ல இருக்கா."

நிழல் அசையவில்லை.

"உங்களை அடிச்சுக் கொன்னுட்டான்னு பிடிச்சு வச்சிருக்காங்க. அவளே அப்படித்தான் நம்பறா. நாளைக்கு ஒத்துக்கப் போறா. அவ அடிக்கலைங்கறதுக்குச் சாட்சி இருந்தா, அது இதுக்குள்ளதான் இருக்கு. நான் வெட்டினாதான் அவ வெளிய வருவா."

மூச்சும் நின்றுவிட்டது.

"ஆனா வெட்டினா..."



வெளியே நடையில் எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு... இன்னொன்று... இன்னொன்று... 

"குட்டி..." என்றது குரல். மகளை அப்படிக் கூப்பிடுவார் போலிருக்கிறது. திக்காமல், முழுதாக வந்த ஒரே வார்த்தை. "குட்டி... குட்டி..."

கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

பிறகு,

"வெ... ட்டு."

சித்தி பலகைக்குத் திரும்பினார். கண்ணில் நீர் மறைத்தது. தோளில் துடைத்துக்கொண்டார்.

வெட்டினார்.

வில்லை சாய்ந்தது. இடப்பக்கம், ஆழத்தில், ஞாபகம் தங்கும் இடத்தை ஒட்டி, திராட்சை அளவுக்கு ஒரு முடிச்சு. புழுக்கள் பின்னிக்கொண்டது மாதிரி ரத்தக்குழாய்கள். பிறவியிலேயே இருந்தது. சுற்றிலும் துருப்பிடித்த நிறம். முன்பே பலமுறை கசிந்து ஆறியிருக்கிறது. அன்றைக்கு வெடித்திருக்கிறது. வெடித்ததால் விழுந்திருக்கிறார். விழுந்ததால் பிடரியில் காயம். மகள் கையைத் தட்டிவிட்டதும் இதுவும் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு விஷயங்கள். அவ்வளவுதான்.

அவள் கொல்லவில்லை.

"ஐயா... கிடைச்சிடுச்சு ஐயா. உங்க பொண்ணு வந்துடுவா."

வெளியே சத்தமில்லை.

"ஐயா?"

"பொண்ணு...?"

அந்த வார்த்தையை முதல்முறையாகக் கேட்கிறவர் மாதிரி இருந்தது குரல்.

"உங்க குட்டி ஐயா."



"யா... ரு?"

சித்தி முழங்கை மடிப்பில் வாயைப் புதைத்துக்கொண்டார்.

நிழல் கண்ணாடியை நெருங்கியது.

இன்னும் நெருங்கியது.

நெற்றி பதிந்தது. மூக்கு பதிந்தது. மங்கல் கண்ணாடியில் இரண்டு கண்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அறையைப் பார்த்தன. மேசையைப் பார்த்தன. சித்தியைப் பார்த்தன. எதுவும் யாரென்று தெரியாத கண்கள்.

பலகையில் பின்பாதி மிச்சமிருந்தது.

பார்வை இருப்பது அங்கேதான்.

முறைப்படி அதையும் வெட்ட வேண்டும்.

சித்தி கத்தியைக் கீழே வைத்தார்.

இதையாவது அவரிடம் விட்டுவைக்கலாம் என்று நினைத்தார்.

கண்கள் விலகின.

நிழல் போனது.

காலடிச் சத்தம் இல்லை.

கதவைத் திறக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நடை காலி. பெஞ்சில் படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை. வாசலில் காவலாளி விழித்துக்கொண்டு வெற்றுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"இங்க யாரு மேடம் நடந்து வரப் போறா? வர்றவங்க எல்லாம் படுத்துக்கிட்டுல்ல வர்றாங்க," என்றவர் சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

இரவெல்லாம் உட்கார்ந்து அறிக்கை எழுதினார் சித்தி. காலையில் அதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மகள் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய வக்கீல் அதை நீதிபதியிடம் நீட்டிவிட்டார். அந்த வாரத்திலேயே அவளை வெளியே விட்டார்கள். வழக்கும் தள்ளுபடியாயிற்று.

மகன் விடவில்லை. மேல்முறையீடு செய்தார். டாக்டர் ஏன் பின்பாதியை வெட்டவில்லை, அடிபட்டது பிடரி, அடையாளம் அங்கே இருந்திருக்கலாமே என்பது அவருடைய வக்கீலின் கேள்வி. நியாயமான கேள்வி. நடந்ததைக் கோர்ட்டில் சொல்ல முடியுமா? வேறொரு நிபுணரை நியமிக்கும்வரை மிச்சத்தை யாரும் தொடக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. வாளிக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

முத்திரை வைத்துக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த மகள் சித்தியைப் பார்க்க வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தார் சித்தி. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், நீங்க வெட்டினது ஞாயித்துக்கிழமை மத்தியானம்தானே? கோர்ட்ல சொன்னீங்க."

"ஆமா."

"அன்னைக்கு ஜெயில்ல பார்வையாளர் நேரம். கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்க எல்லாரும் வரிசையா நின்னுட்டிருந்தோம். ஒரு பெரியவர் வந்தாரு. ஒவ்வொருத்தி முகமாப் பாத்துக்கிட்டே வந்தாரு. எங்க அப்பா."

சித்தி பேனாவை மூடி வைத்தார்.

"எம் முகத்தையும் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. பாத்துட்டு, அடுத்தவகிட்டப் போயிட்டாரு."

"இங்க பாரும்மா, நீ அப்ப சாப்பிடாம இருந்த..."

"இப்ப சாப்பிடறேன் டாக்டர். இப்பவும் வர்றாரு. தினமும் மத்தியானம். தெருவுல ஒவ்வொரு வீடா நின்னு உள்ள எட்டிப் பாக்கறாரு. எதிர் வீட்டு அக்காவும் பாத்தாங்க, யாரோ வீட்டத் தொலைச்ச பெரியவர் போலன்னு எங்கிட்டயே சொன்னாங்க. எங்க வீட்டுக்கும் வருவாரு. அப்பான்னு கூப்பிடுவேன். என்னைப் பாப்பாரு. தலைய ஆட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவாரு."

அவள் அழவில்லை. அழுது முடித்தவள்.

"மிச்சம் இருக்குன்னு கோர்ட்ல சொன்னீங்களே. அதையும் வெட்டிடுங்க டாக்டர். கண்ணு தெரிஞ்சாத்தானே தேடறாரு."

இரக்கப்பட்டு விட்டுவைத்த பாதி.  முத்திரை வைத்திருக்கிறது, என்னால் தொட முடியாது, தொட்டால் உன் வழக்குதான் கெடும் என்று எப்படியோ சொல்லி முடித்தார்.

"எப்ப முடியும்?"

"தெரியலம்மா. வருஷக்கணக்கா ஆகலாம்."

அவள் சரி என்று தலையசைத்தாள். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் கெளம்பறேன் டாக்டர். அவர் வர்ற நேரம். கதவு சாத்தியிருந்தா தட்டிக்கிட்டே நிப்பாரு."